அலைகரையில் கூடாரம் வேண்டாம்

யூலை 26

கோடை விடுமுறைக்கு வன்னிக்கு வருகிற புலம்பெயர்ந்த பிள்ளைகள் பலருக்குக் காட்டோரக் குளக்கரையில் கூடாரம் அடித்து ஓரிரவு தங்க ஆசை. ஒன்ராறியோவின் அல்கொன்குவின் பூங்காவில் இடத்தை முன்பதிவு செய்து ஏரியோரம் தங்கிப் பழகியவர்கள் இரணைமடுவையும் முத்தையன்கட்டையும் அதே கண்ணால் பார்ப்பது இயல்புதான். ஆனால் இவை கமத்துக்காக மனிதர் கட்டிய குளங்கள். இரணைமடு, கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் வேலை தொடங்கிய குளம். மாரியில் நிரம்பும், சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கத் திறக்க நீர் பின்வாங்கி, அலைகரை அகலும். அந்த ஈரத்தில் புல் தளிர்க்கும். காட்டுக்குள் இருக்கிற சிறு மடுக்கள் வற்றிப்போன யூலை, ஆகஸ்டில் யானையும் மரையும் மானும் நம்பியிருப்பது இந்தத் தண்ணீரையும் இந்தப் புல்லையும்தான். வைகாசி தொடக்கம் பாலைப்பழக் காலம் என்பதால் கரடி நடமாட்டமும் கூடும். ஆக, நமது விடுமுறையும் விலங்குகளின் வறட்சிக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. பகலில் ஆளரவமற்றுக் கிடக்கிற கரை இரவில் அப்படி இருப்பதில்லை.

யூலை 27

வில்பத்துவிலும் யாலவிலும் கூடாரம் அடிக்க விடுகிறார்களே என்று கேட்கலாம். விடுகிறார்கள்தான், வனஜீவராசிகள் திணைக்களம் ஒதுக்கிய இடங்களில், முன்அனுமதியோடு. இங்கே நிலைமை வேறு. குளத்துக்கு மேலே காடு, கட்டுக்குக் கீழே வயலும் ஊர்மனையும். அலைகரையில் நெருப்பும் பாட்டுப்பெட்டியும் யானையைக் கலைத்தால், அது வயலுக்கும் வாழைத்தோட்டத்துக்கும் இறங்கலாம். கூடாரக்காரர் விடிந்ததும் போய்விடுவார்கள். அழிவு கமக்காரன் தலையில் விழும். ஊருக்கு நாலு காசு வரட்டுமே என்பது இதைவிட நியாயமான கேள்வி. வரத்தான் வேண்டும். அதற்குக் காடு தேவையில்லை. வான் பாயும் வழியை விட்டு விலகி, ஊர்மனையோரம் ஒரு மேட்டு நிலம் போதும். அதைக் கமக்காரர் அமைப்பும் நன்னீர் மீனவர் சங்கமும் நடத்தினால் சமையலுக்கும் வழிகாட்டலுக்கும் வருகிற பணம் ஊரிலேயே நிற்கும். மாரியில் அதையும் மூடிவிட வேண்டும். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோது கீழூர்கள் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. முன்பு பயிர்செய்த காணிகளில் வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டிவிட்டது என்று வன்னிச் சனங்கள் ஆண்டாண்டாய் முறையிடுகிறார்கள். சொந்தக் காணிக்குள் கால்வைக்க முடியாதவன் பார்த்துக்கொண்டு நிற்க, உல்லாசப் பயணிக்குக் காட்டைத் திறந்துவிடுவது எந்த வகையில் நீதி?

பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். பின்னேரம் குளக்கட்டில் நின்று பறவைகளைக் காட்டுங்கள், குளத்து மீன் வாங்கிச் சமையுங்கள். பொழுதுபடமுன் ஊர்மனைக்குத் திரும்பிவிடுங்கள்.