எக்ஸ்போஷர் காணாது

எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்த விசயம் இது.

பெற்றோர் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு வாப்பா வந்து நின்றார். கரவலை இழுப்பவர். "சேர், மகன கொழும்புல இன்டர்நெஷனல் ஸ்கூல்ல சேர்க்கப் போறன். அவன்ட உம்மாட காப்ப வித்தாச்சி. இஞ்ச இருந்தா எக்ஸ்போஷர் காணாதே."

அந்தச் சொல்லை அவருக்குக் கொடுத்ததே நான்தான். மகன் தரம் 7இல் படிக்கும்போது ஆங்கில தினப் போட்டிக்கு அவனை எடுக்கவில்லை. காரணம் கேட்டு வந்தவரிடம், "கெட்டிக்காரன்தான், எக்ஸ்போஷர் காணாது" என்று சொல்லி அனுப்பினேன். உண்மையான காரணம், அந்த வருடம் பழக்கியெடுக்க எனக்கு நேரமில்லை. டியூஷனில் ஏற்கெனவே பழகிய பிள்ளைகளை எடுத்துக்கொண்டேன்.

ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கே அதைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்ல வராது. பழைய பிலிம் ரோல் பெட்டியில் 36 எக்ஸ்போஷர் என்று போட்டிருக்கும், அங்கே அது பிலிமில் வெளிச்சம் படுவது. களவு வெளியே வந்தால் அதுவும் எக்ஸ்போஷர், நாம் அம்பலம் என்போம். நாலு இடம் பார்த்து நாலு பேரோடு பழகுவதும் அதுதான். எல்லாவற்றுக்கும் அடியில் மூடியிருந்தது திறந்து கிடப்பது என்ற கருத்து இருக்கிறது.

போன தவணை ஒரு வாசிப்புப் பந்தியில், மலையேறப் போன ஒருவர் எக்ஸ்போஷரால் இறந்தார் என்று வந்தது. ஒதுங்க இடமில்லாமல் குளிரில் கிடந்து இறந்தார் என்று விளக்கினேன். அதே பிள்ளை எழும்பி, "சேர், எனக்குக் காணாதெண்டு சொன்ன சாமானாலயா இவர் மௌத்தானார்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். இரண்டு வருடமாக அவன் அதை மனதில் வைத்திருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கூட்டம் நடந்த அன்று இஷாவுக்குப் பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காப்பு வித்தது வித்ததுதானே சேர்" என்று பிளேன்டீயை என் பக்கம் தள்ளி வைத்தார். மகன் அறையை விட்டு வெளியே வரவேயில்லை. விடுகைப் பத்திரம் இன்னும் கேட்கவில்லை, கேட்பார்களா தெரியாது.

உங்கள் பிள்ளையைப் பற்றி எந்த ஆசிரியராவது இந்தச் சொல்லைச் சொன்னால், தயவுசெய்து "என்ன காணாது சேர்?" என்று திருப்பிக் கேளுங்கள். அன்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

இதை எழுதட்டா என்று அவரிடம் கேட்டேன். "எழுதுங்க, எங்கட பேரப் போட்டுராதீங்க" என்றார்.