காருக்குள் உறங்கியவர்



கடந்த மாதம் சென்னையிலிருந்து வாடகைக் காரில் குடும்பமாகக் கொடைக்கானல் சென்றோம். வத்தலக்குண்டு தாண்டியதும் மலைப்பாதை. ஓட்டுநர் தம்பி வளைவுக்கு வளைவு நிதானித்துப் பத்திரமாய்க் கொண்டுசேர்த்தார். விடுதி அறையில் முழங்காற்படியிட்டு நன்றி செலுத்தினேன்.

விடியற்காலையில் வெளியே வந்தேன். பனி படர்ந்த கண்ணாடிக்குள் அவர் துண்டைப் போர்த்தி ஒடுங்கிக் கிடந்தார். பேட்டா எவ்வளவு என்று கேட்ட நான், எங்கே படுப்பீர்கள் என்று கேட்கவில்லை. "பழகிப்போச்சுங்க ஐயா" என்றார். அச்சொல் என்னைக் குத்தியது.

1845இல் அமெரிக்க மிஷனெரிமார் இங்கே முதல் வீடுகளைக் கட்டினர். மோட்டார் சாலை வருமுன் பலரை மனிதரே டோலியில் சுமந்து ஏற்றினர். சுமந்தவர் பெயர்களை நாம் அறியோம். ஓட்டுநர்களுக்கு விடுதிகள் படுக்கையும் கழிவறையும் அமைக்கவேண்டுமென 2023இல் தமிழக அரசு கட்டட விதிகளையே திருத்தியது. விதிக்குத் தோன்றியது, போதகனாகிய எனக்குத் தோன்றவில்லை!

121ஆம் சங்கீதத்தை வைத்து, உறங்காத தேவனைக் குறித்து எத்தனைமுறை பிரசங்கித்திருப்பேன்! அவர் மனிதருடைய கண்விழிப்பைக் கொண்டும் நம்மைக் காக்கிறார். அந்தக் கண்களுக்கோ உறக்கம் வேண்டும்.

அன்றிரவு அவருக்கும் ஓர் அறை எடுத்தோம். நீங்கள் கார் அமர்த்தும்போது, புறப்படுமுன்னே அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஆமென்.