பேத்தி தலையாட்டினது எதுக்கு?

அன்னதானத்துக்குக் காய் நறுக்கி முடிச்சதும் ஓரமா உட்கார்ந்து எழுதிக்கிட்டே இருக்கீங்களே, மந்திரமா ஆன்ட்டின்னு நம்ம தொண்டூழியர் தம்பி ஒருத்தர் கேட்டார். இல்லப்பா, பிரெஞ்சு இலக்கணம்!

மகன் குடும்பம் பிரான்சுல, துலூஸ் நகரத்துல இருக்கு. பேத்திக்கு 5 வயசு. அவளுக்குத் தெரிஞ்ச ஒரே தமிழ் வார்த்தை ‘பாட்டி’. இங்கிலீஷும் வராது. மகன் பக்கத்துல இல்லேன்னா, வீடியோவுல ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே இருப்போம். எவ்வளவு நேரம்தான் சிரிக்கிறது? 61 வயசுல நூலகத்துல பயிற்சிப் புத்தகம் எடுத்தேன்.

நீ, நீங்க நமக்குச் சிரமமே இல்லை. பேத்திக்கு ‘து’, சம்பந்தியம்மாவுக்கு ‘வூ’. அங்கே தேவாலயத்துல கடவுளையும் ‘து’ன்னுதான் கூப்பிடுறாங்க, நாம முருகனை நீன்னு கூப்பிடுற மாதிரி.

என்னைப் படுத்தினது வேற பயிற்சி. ‘மாரிக்குப் புத்தகம் கொடுக்கிறேன்’ என்பதில் பெயர்களை எடுத்துட்டு அதை, அவளுக்குன்னு மாத்தணும். இங்கிலீஷ் மாதிரி வினைக்குப் பின்னால போட்டு, பத்துல ஏழு தப்பு. விடையைப் பார்த்தா ‘ஜெ லெ லுய் தோன்’. நான், அதை, அவளுக்கு, கொடுக்கிறேன். அட, இது நம்ம வரிசையாச்சே! (பெயராவே விட்டா வினைக்குப் பின்னால ஓடிடும், அது தனித் தலைவலி.) அதுக்கப்புறம் மனசுல தமிழ்ல சொல்லிப் பார்த்துட்டுத்தான் எழுதுவேன்.

ஆனா பேசும்போது பழைய புத்தி போகுமா? போன ஞாயிறு ‘ஐ மிஸ் யூ’ சொல்ல ஆசைப்பட்டு, இங்கிலீஷ் வரிசையிலேயே ‘ஜெ தெ மான்க்’னு சொல்லிட்டேன். பேத்தி உடனே ‘வுய், பாட்டி’ன்னு தலையாட்டினா. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் அதே வாக்கியம் பயிற்சியில வந்தது. அந்த வினைக்குக் குறையிறதுன்னு அர்த்தமாம். ‘து மெ மான்க்’னு சொல்லியிருக்கணும், நீ இல்லாம எனக்குக் குறையா இருக்குன்னு. நான் சொன்னது தலைகீழ்: நான் இல்லாம உனக்குக் குறையா இருக்கு.

அதுக்குத்தான் பிள்ளை ஆமா பாட்டின்னு தலையாட்டியிருக்கா.

நோட்டுல அந்த வரியை மட்டும் நான் இன்னும் அடிக்கலை.

சரி, வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆள் குறையுது. முடிஞ்சவங்க காலை 6 மணிக்கு வந்துடுங்க. கத்தி, பலகை கோயில்லயே இருக்கு. ஓம் சரவணபவ.