சாரல் வழியே ஒரு சுற்று

குற்றாலம் செல்வோர் பெரும்பாலும் அருவியை மட்டுமே கண்டு திரும்புகிறார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மங்குஸ்தான் பழமும் நேந்திரங்காய் வறுவலும் வாங்கிக்கொண்டு, பார்டர் கடைப் புரோட்டாவின் பெருமையைப் பேசியவாறே ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். குறை சொல்வதற்கில்லை, அருவி அத்தகையது. ஆயினும், மலைக்கும் தென்காசிக்கும் நடுவே வயலும் தோப்பும் குளமுமாக விரிந்து கிடக்கும் நிலத்தை அறிய வேண்டுமாயின், அதற்குச் சைக்கிளே தக்க ஊர்தி என்பது நமது துணிபு.

தென்காசியில் புறப்பட்டு, மேலகரம், காசிமேஜர்புரம் வழியாகக் குற்றாலம், அங்கிருந்து ஐந்தருவி, பின்னர் வெண்ணமடைக் குளம், இலஞ்சி வழியாக மீண்டும் தென்காசி. முழுச் சுற்றும் 20 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மேலகரம், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். ஐந்தருவிக்குப் போகும் வழியில் மட்டும் சிறிது ஏற்றமுண்டு. மற்றபடி முதியவரும் மிதிக்கலாம். சீசன் நாட்களில் பஜ்ருத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டுவிட வேண்டும். வெயில் ஏறினால் வேன்களும் பேருந்துகளும் சாலையை நமக்கு விட்டுவைப்பதில்லை.

இச்சுற்றை நாம் தனியே பலமுறை சுற்றியிருக்கிறோம். சென்ற ஆனி மாதத்தில் எம் இளைய மகளும் உடன்வர விரும்பினாள். பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கிய சைக்கிள் அவளுக்கு இருந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அது திண்ணையில் சாக்குப் போர்த்தி நிறுத்தப்பட்டுவிட்டது. நிறுத்தியவர்கள் எம் லாத்தா.

"குமருப் புள்ளையை சைக்கிள்ல கூட்டிட்டுப் போறியே, தம்பி! நாளைக்கு சம்பந்தம் பேச வாரவங்க என்ன சொல்லுவாங்க?"

எம் உம்மா மௌத்தான பின்னர் எம்மை வளர்த்தவர்கள் லாத்தா. அவர்களுடைய அச்சத்தை வெறும் பழமை என்று தள்ளிவிட நாம் ஒருப்படோம். ஊர்ப்பேச்சுக்கு விலையுண்டு, அவ்விலையைக் கொடுப்பவள் எப்போதும் பெண்ணே. எனினும், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதையும், முதல் முறை அன்னையார் முந்தியதையும், பின்னொரு முறை நாயகம் அவர்கள் முந்தியதையும் ஹதீஸில் கேட்டு மகிழ்கிற நாம், மகள் சைக்கிள் மிதிப்பதில் மார்க்கத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது எங்ஙனம்? லாத்தாவும் மார்க்கத்தைச் சொல்லவில்லை, ஊரைத்தான் சொன்னார்கள். புதுக்கோட்டையில் 1991-92ஆம் ஆண்டுகளில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வாயிலாகக் கிராமப் பெண்கள் பல்லாயிரவர் சைக்கிள் கற்றனர். நம் சமுதாயப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். அங்கும் ஊர் பேசாமல் இருக்கவில்லை. பேசிக் களைத்த பின் ஓய்ந்தது.

லாத்தா பதில் சொல்லவில்லை. நாங்கள் புறப்பட்டோம்.

நாம் ஏறிச் சென்றது, லாத்தாவின் மகன் சவூதியிலிருந்து விடுப்பில் வந்தபோது வாங்கி ஓட்டிவிட்டு, திரும்பிப் போகையில் எம்மிடம் விட்டுச்சென்ற மலைச் சைக்கிள். இவ்வகை வண்டி பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரின் என்னும் வட்டாரத்து இளைஞர்கள், தடித்த டயர் கொண்ட பழைய சைக்கிள்களை மலைமேல் ஏற்றிச் சரிவில் ஓட்டி மகிழ்ந்தனர். இறங்கும் வேகத்தில் பின்சக்கரப் பிரேக்கினுள் இருக்கும் கிரீஸ் சூடேறிப் புகைந்துவிடும். மறுபடியும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த இறக்கம். அதனால் 1976இல் அவர்கள் தொடங்கிய பந்தயத்துக்கு 'ரீபேக்' என்றே பெயர் வந்தது. வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட பழைய வண்டிகளிலிருந்து உலகெங்கும் விற்கும் ஒரு புதுவகை பிறந்தது.

ஐந்தருவி ஏற்றத்தில் மகள் திணறினாள். பள்ளிச் சைக்கிளுக்குக் கியர் கிடையாது. வண்டிகளை மாற்றிக்கொண்டோம். முன்னே சிறிய பற்சக்கரத்திலும் பின்னே பெரிய பற்சக்கரத்திலும் சங்கிலி விழுந்தால் கால் பலமுறை சுழல வேண்டும், ஆனால் ஒவ்வொரு மிதியும் இலேசாகும் என்று சொல்லிக்கொடுத்தோம். இரண்டு முறை சங்கிலி கடகடத்தது. மூன்றாம் முறை அவள் எம்மைக் கடந்து மேலே போய்விட்டாள். நாம் பள்ளிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

ஐந்தருவியில் இறங்கிக் குளிக்கவில்லை. மலைமேல் கருமேகம் இருந்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதை இவ்வட்டாரத்தார் மறக்கவில்லை. மலையுச்சியில் பெய்கிற மழை கீழே நிற்பவனுக்குச் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

வெண்ணமடைக் குளக்கரையில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு அமர்ந்தோம். படகுத் துறை இன்னும் விழிக்கவில்லை. சாரல் காற்றுடன் வந்து தண்ணீர்மேல் பொட்டுப் பொட்டாக விழுந்தது; எதிரே மலை மேகத்துள் போவதும் வெளிவருவதுமாக இருந்தது. கொண்டுபோன இடியாப்பத்தைத் தேங்காய்ப்பாலுடன் உண்டோம். மகள் நெடுநேரம் பேசாதிருந்து, பிறகு கேட்டாள்.

"வாப்பா, காலேஜுக்கும் நான் சைக்கிள்லயே போகட்டுமா? பஸ்ஸுல நெருக்கித் தள்ளுறாங்க."

இதற்காகவே அவள் உடன்வந்தாள் என்பது அப்போதுதான் விளங்கிற்று. "மாமிட்ட நீயே கேளு" என்றோம். இலஞ்சி வரையில் அவள் வேறொன்றும் பேசவில்லை.

வீட்டில் அவள் கேட்டபோது லாத்தா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் நெருக்குவதையும் மறைக்காமல் சொன்னாள். முறம் சற்று நின்றது. "யாருடி அவன்?" என்றார்கள் லாத்தா. ஒருவன் அல்லன் என்றாள். முறம் மறுபடி ஆடியது. "முக்காடு நழுவாம பின்னு குத்திட்டுப் போ."

கல்லூரி திறந்த நாள் முதல் அவள் சைக்கிளில்தான் போய்வருகிறாள். கனமழை நாளில் மட்டும் பேருந்து. இடையே ஒரு சம்பந்தம் பேச வந்தார்கள். வாசலில் நின்ற இரண்டு வண்டிகளையும் பார்த்து, யாருடையவை என்று விசாரித்தார்கள். நாம் வாய் திறக்குமுன் லாத்தாவே சொன்னார்கள்: "சின்னது புள்ளைக்கு. படிக்கப் போறதுக்கு." வந்தவர்கள் தேநீர் அருந்திவிட்டுப் போனார்கள். அவர்களிடமிருந்து இன்னும் சேதி வரவில்லை.