தொட்டியில் வளர்ந்த கோரை

நான் இந்தத் தில்லி மாநகருக்குப் படிக்க வந்த முதல் வாரத்திலேயே ஒரு பொய் சொன்னேன். "உன் தாயார் என்ன செய்கிறார்?" என்று அறைத்தோழன் கேட்டான். "வீட்டில் இருக்கிறார்" என்றேன். பத்தமடையில் பாய் நெய்கிறார் என்று சொல்ல நா எழவில்லை. கோரையைக் கிழித்துக் கிழித்து உம்மாவின் விரல்கள் காய்த்துப் போயிருக்கும். அந்த விரல்களை எண்ணி நான் வெட்கப்பட்டேன். இன்று அதை எழுதவே கை கூசுகிறது.

அந்த வெட்கத்தைப் போக்கியது ஒரு மண் தொட்டி என்றால், நண்பர்களே, நீங்கள் நகைக்கக் கூடும்.

ஒருநாள் பேராசிரியர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். வாயிலில் பெரிய தொட்டி. அதில் இடுப்பளவு உயரத்தில், உச்சியில் குடை விரித்தாற்போல் இலைகளுடன் ஒரு செடி. உலகத் தோட்டங்களுக்கெல்லாம் பரவிய குடைக்கோரை அது. வந்தவர் அனைவரும் "அழகு, அழகு!" என்றனர். எனக்கோ வியப்பு. தாமிரபரணிக் கரையிலிருந்து கட்டுக்கட்டாக எங்கள் தெருவுக்கு வரும் கோரையின் இனமல்லவா இது! ஊரில் கூலிக்கு அறுக்கும் புல்லின் உறவு, இங்கே வாயிலுக்கு அலங்காரம்!

அடுத்த விடுமுறை முடிந்து திரும்புகையில், நான்கைந்து கோரைக் கிழங்குகளை ஈரச் சாக்கில் சுற்றி ரயிலேற்றிக் கொணர்ந்தேன். நான் தாவரவியல் மாணவன் அல்லவா? உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துளையில்லாத தொட்டியில் எருவை நிரப்பி, கிழங்குகளை ஆழப் புதைத்து, மேலே நான்கு விரற்கடை நீர் நிறுத்தினேன். பத்து நாளில் தொட்டி நாறியது, பாசி படர்ந்தது, கொசுப்புழுக்கள் நெளிந்தன. டெங்குக் காய்ச்சல் வரும் ஊர் இது. தொட்டியைக் கவிழ்த்துவிடும்படி விடுதி அலுவலர் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன்.

அன்றிரவு உம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எருவைக் கொட்டினா அழுகாம என்ன செய்யும்? களிமண்ணு போடு, வாப்பா. கிழங்கைப் படுக்க வச்சு ரெண்டு விரக்கடை மண்ணு மூடு. தண்ணி தேங்க வேண்டாம். மண்ணு காயாம இருந்தாப் போதும். நல்ல வெயில்ல வை."

அப்படியே செய்தேன். மேலே பருமணல் பரப்பி, மணல் நனையும் அளவுக்கு மட்டும் நாள்தோறும் நீர் வார்த்தேன். மணலுக்கு மேல் நீர் நிற்காததால் கொசு முட்டையிட இடமில்லை. சில வாரங்களில் பச்சை ஊசிகள் போல் முளைகள் எழுந்தன. சனவரிக் குளிரில் தாள்கள் பழுத்தபோது, செத்துவிட்டதென்று கலங்கினேன். "கிழங்கு தூங்குது, தாளை அடியோட அறுத்துவிடு" என்றார் உம்மா. மார்ச்சில் முன்னிலும் அடர்ந்து வந்தது. அனல் காற்று வீசும் மே, சூன் மாதங்களில் இருவேளை நீர் தேவைப்பட்டது. மறு ஆண்டு தொட்டி முழுவதும் கிழங்கு நெருக்கவே, அதைப் பிரித்து நான்கு தொட்டிகளாக்கினேன்.

ஒருநாள் ஒரு தாளை அறுத்து, உம்மாவைப் போலக் கத்தியால் நெடுகக் கிழித்துப் பார்த்தேன். முதலாவது பாதியில் முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. மூன்றாவதில் கட்டைவிரல் கிழிந்து இரத்தம் வந்தது. பட்டுப்பாய்க்கு நூலிழை போன்ற கோரை வேண்டும். பச்சைத் தாளைக் கிழித்து, உலர்த்தி, ஆற்றுநீரில் ஊறவைத்து, சாயமேற்றிய பிறகே தறிக்குப் போகும். ஒரு தாளுக்கே என் விரல் தாங்கவில்லை. உம்மா நாளெல்லாம் கிழித்த கோரைதான் என் ரயில் கட்டணம், விடுதிக் கட்டணம், புத்தகம் எல்லாம்.

விரலில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அறைத்தோழன் வந்தான். "என்ன செடி இது?" என்றான்.

"கோரை. என் தாயார் இதில் பாய் நெய்கிறார்" என்றேன். கட்டிலுக்கடியில் ஈராண்டாகச் சுருட்டி வைத்திருந்த பாயை எடுத்து விரித்துக் காட்டினேன். அவன் அதைத் தடவிப் பார்த்து, "இதையா ஒளித்து வைத்திருந்தாய்?" என்றான். மறுமொழி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விடுதித் தாழ்வாரத்தில் இப்போது நான்கு தொட்டிகள் இருக்கின்றன. வரும் மார்ச்சில் மீண்டும் கிழங்கு பிரிப்பேன். வேண்டுவோர் வரலாம். வளர்க்கும் முறையைக் கேட்டால், என் தாயார் சொன்னது என்று சொல்லித்தான் தொடங்குவேன்.