பின்னணி என்னும் முன்பணம்

போன மாதம் என் அக்கா மகளுக்கு மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியில் இயக்குநர் வேலை கிடைத்தது. நகைக்கடன் கொடுக்கிற, பாஸ்புக் போடுகிற வங்கி இல்லை அது. ஒரு கம்பெனி பங்குச்சந்தைக்கு வரும்போது பங்குக்கு என்ன விலை வைப்பது, ஒரு கம்பெனியை இன்னொன்று வாங்கும்போது என்ன மதிப்புப் போடுவது, பணத்தை யாரிடமிருந்து திரட்டுவது என்று ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்குகிற தொழில். அனலிஸ்ட், அசோசியேட், வைஸ் பிரசிடென்ட் என்று படிகள் உண்டு. அதற்கு அடுத்த படி இயக்குநர். மன்னார்குடிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவிலிருந்து அந்தப் படிக்குப் போன முதல் ஆள் அவள்.

வாழ்த்துச் சொன்ன புது அலுவலகத்துக்காரர்கள், அவளுடையது 'வழக்கத்துக்கு மாறான பின்னணி' என்று மாற்றி மாற்றிச் சொன்னார்களாம். இரவு போனில் கேட்டாள்: "நம்ம பின்னணி எப்ப மாமா வழக்கத்துக்கு மாறுச்சு? நம்ம தெருவுல எல்லாருக்கும் அதானே வழக்கம்?"

இருவரும் சிரித்தோம். ஆனால் வேலைத் தேர்வுக்குப் போகும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதும் இதைத்தான். "குடும்பப் பின்னணி பத்திக் கேட்டா என்ன சொல்றதுண்ணே? மறைக்கிறதா, சொல்றதா?" அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். பின்னணியை அவர்கள் ஏன் கேட்கிறார்கள்?

தஞ்சை மண்ணில் பிறந்தவர்களுக்கு இதற்கான விடை தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டக் காலம் அது. கீழ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிலபுலன் உள்ள பணக்காரர்கள், ஒருவர் காரே வைத்திருக்கிறார், அப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. நிலமும் காரும் நன்னடத்தைச் சான்றிதழாக ஏற்கப்பட்டன.

பின்னணி என்பது இதுதான். ஒருவர் எதையும் செய்து காட்டுவதற்கு முன்பே அவருக்குக் கொடுக்கப்படும் நம்பிக்கை. முன்பணம். சிலருக்கு அது பிறக்கும்போதே வரவு வைக்கப்படுகிறது. நமக்குப் பற்றில் எழுதப்படுகிறது.

முதலீட்டு வங்கி முழுக்க நம்பிக்கையை வைத்து நடக்கும் தொழில். கீழ்ப்படியில் கணக்குத் தெரிந்தால் போதும். எக்செல் தாளில் ராத்திரி இரண்டு மணிவரை உட்காரத் தெம்பு வேண்டும். மேல்படிக்குப் போகப் போக வேலையே வேறு. முதலாளிகளைப் பார்த்துப் பேசி, "எங்களிடம் கொடுங்கள்" என்று வேலையைக் கொண்டுவர வேண்டும். யார் போன் செய்தால் யார் எடுப்பார்கள் என்பதே அங்கே தகுதி ஆகிவிடுகிறது. ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே கிளப்பில் உட்காருகிறவர்கள், கல்யாணத்தில் சம்பந்தி ஆகிறவர்கள் ஒருவர் போனை ஒருவர் எடுப்பார்கள். சாதி என்ற சொல்லே அங்கே வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை.

இந்தக் கதவை நூறு ஆண்டுகளுக்கு முன்பே தட்டிப் பார்த்தவர் அம்பேத்கர். கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளாதாரம் படித்துவிட்டு 1917-இல் திரும்பியவருக்குப் பரோடாவில் வேலை இருந்தது, தங்க வீடு கிடைக்கவில்லை. பம்பாய்க்கு வந்து, பங்கு முதலீடு பற்றி ஆலோசனை சொல்லும் ஒரு தொழிலைத் தொடங்கினார். இன்று என் அக்கா மகள் செய்யும் தொழிலுக்குப் பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. தொழில் படுத்தது. 1918-இல் சிடன்ஹாம் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். அங்கேயும் சக பேராசிரியர்கள் சிலர் பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்றார்கள். பிற்பாடு ரூபாயின் பிரச்சினை பற்றி நூல் எழுதி, ஹில்டன் யங் ஆணையத்தின் முன் நாணயக் கொள்கை பற்றிச் சாட்சியம் சொன்ன அதே மனிதர்தான். நாட்டின் நாணயத்துக்கே ஆலோசனை சொல்லத் தெரிந்தவரிடம் நாலு பங்கு வாங்க யோசனை கேட்கப் பம்பாய்க்காரர்களுக்கு மனம் வரவில்லை. அவரிடம் இல்லாமல் போனது அறிவு இல்லை, முன்பணம்.

பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு இருந்தது. முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைவு. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் மனிதவள மேலாளர்களைப் பேட்டி எடுத்தபோது, தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று சொன்னவர்களே குடும்பப் பின்னணி மிக முக்கியம் என்றும் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையில் அவர்களுக்கு முரண்பாடே தெரியவில்லை. 2012-இல் வந்த இன்னொரு ஆய்வு முன்னணி 1000 கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களைக் கணக்கெடுத்தது. முற்பட்ட சாதியினர் சுமார் 93 சதவீதம். பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்த்து 3.5 சதவீதம்.

அப்படியானால் இவள் எப்படிப் போனாள்? என் அக்காவும் அத்தானும் கூலி வேலை செய்தவர்கள். இவள் அரசு கலைக் கல்லூரியில் பி.காம். படித்தாள். அந்தக் கல்லூரிக்கு எந்த வங்கியும் ஆள் எடுக்க வராது. பெரிய ஐ.ஐ.எம்.களில் இன்று கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. அதனால் சி.ஏ. எடுத்தாள். பரீட்சை எல்லோருக்கும் ஒன்றுதான், விடைத்தாளில் பெயர் கிடையாது. ஆனால் நடுவில் ஒரு பூட்டு உண்டு: அன்றைக்கு மூன்று வருடம் ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிக்கிள்ஷிப் செய்தாக வேண்டும். அந்த இடம் தெரிந்தவர் மூலமாகத்தான் கிடைக்கும். சென்னையில் பதினோரு அலுவலகம் ஏறி இறங்கினாள். "அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டார்கள். சொன்னாள். "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். பன்னிரண்டாவதாக, அரிசி ஆலைகளுக்குக் கணக்குப் பார்க்கும் ஒரு சிறிய ஆடிட்டர் சேர்த்துக்கொண்டார்.

சி.ஏ. முடித்ததும் எந்தத் தனியார் நிறுவனமும் கூப்பிடவில்லை. எடுத்துக்கொண்டது ஒரு பொதுத்துறை வங்கி, கடன் பிரிவு அதிகாரியாக, இடஒதுக்கீட்டில். 1969 ஜூலையில் 14 தனியார் வங்கிகள் நாட்டுடைமை ஆகியிருக்காவிட்டால் அந்த நாற்காலி அவளுக்கு இல்லை. அங்கே ஆறு வருடம் கம்பெனிகளின் கடன் கோப்புகளைப் படித்துத் தேறிய பிறகுதான் தனியார் பக்கம் போனாள். இடஒதுக்கீட்டைப் பற்றி முகம் சுளிப்பவர்கள், தனியார் நிறுவனம் இன்று பெருமையோடு எடுத்துக்கொள்ளும் ஆளை யார் செலவில் உருவாக்கினார்கள் என்று ஒரு முறை யோசிக்கலாம்.

இந்த வேலைக்கான தேர்வில் அவளிடம் ஓர் அரிசி நிறுவனத்தின் கணக்கைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். லாபம் வருடாவருடம் அழகாக ஏறியிருந்தது. இவள் இருப்புக் கணக்கைத்தான் முதலில் பார்த்தாள். 22 சதவீத ஈரத்தோடு வாங்கிய 100 கிலோ நெல், 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் சுமார் 91 கிலோதான் நிற்கும். அந்த 9 கிலோ இந்தக் கணக்கில் எங்கே போயிருக்கிறது என்று கேட்டாள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்காக மல்லுக்கட்டும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அது இயல்பான கேள்வி. எதிரே இருந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லையாம்.

இதைக் கேட்டதும் நம்மில் பலருக்குக் கண் கலங்கும். மண் கொடுத்த அறிவு என்று ஒரு கவிதையே எழுதிவிடுவோம். நானும் அந்தப் பக்கமாகத்தான் பேச்சை எடுத்தேன். அவள் விடவில்லை.

"நடவு நட்டா பேலன்ஸ் ஷீட் படிக்க வந்துடாது மாமா. பதினஞ்சு வருஷம் வேலை பாத்திருக்கேன். அதச் சொல்லுங்க."

பிறகு அவளே சொன்னாள்: "ஈர நெல்லக் கூலியா அளந்துட்டா வீட்டுக்கு வந்து காயுறப்ப கொறையும்னு அம்மாவுக்குத் தெரியாதா? அம்மாவுக்குத் தெரிஞ்சதுதான் எனக்கும் தெரியும். அத ரிப்போர்ட்டுல எழுதிக் கையெழுத்துப் போடுற எடம்தான் எனக்குக் கூடுதலாக் கெடச்சுது."

மாணவர்களே, இந்தப் பேச்சிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. உங்கள் பின்னணியை மறைக்காதீர்கள். மறைத்தால் அதைக் காவல் காப்பதே ஒரு முழுநேர வேலையாகிவிடும். அதற்காகக் கதையாக்கி விற்கவும் வேண்டாம். துயரத்தைக் கேட்டு நெகிழ்கிறவர்கள் கைதட்டுவார்கள், ஆனால் வேலையை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். அவள் சொன்ன பதில் ஒரே வரி: "அப்பா அம்மா விவசாயக் கூலிகள், திருவாரூர் மாவட்டம்." சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காக நிமிர்ந்து பார்த்தாளாம். ஒரு தகவல், அவ்வளவுதான். வெட்கமும் இல்லை, வேண்டுகோளும் இல்லை.

இரண்டாவது விஷயம் உள்ளே போனவர்களுக்கு. நம்மில் இன்று ஆடிட்டர்கள் இருக்கிறார்கள், வங்கி அதிகாரிகள் இருக்கிறார்கள். ஆர்ட்டிக்கிள்ஷிப்புக்கு இடம் தேடி அலையும் ஒரு பிள்ளைக்கு இடம் கொடுப்பது, நேர்காணலுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேள்வி கேட்டுப் பழக்குவது, நம்பி ஒரு போன் செய்வது. மற்றவர்களுக்கு உறவுமுறையாக வருவதை நாம் இயக்கமாகச் செய்தாக வேண்டும்.

மூன்றாவது, இது தனி ஆட்களின் நல்ல மனதால் தீராது. அரசு வேலையில் கதவைத் திறந்தது சட்டம். தனியார் துறையில் இடஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. எத்தனை விண்ணப்பம் வந்தது, யாரை எடுத்தார்கள் என்று சாதிவாரியாகக் கணக்குக் காட்டும் கடமைகூட அவர்களுக்கு இல்லை. பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை லாப நட்டத்தை ஊருக்குச் சொல்ல வேண்டும் என்றால், யாருக்கு வேலை கொடுத்தோம் என்பதையும் சொல்லட்டும். காணாமல் போன 9 கிலோ எங்கே என்று நாம் கேட்கலாம்.

சேர்ந்த இரண்டாவது வாரம் அவள் தன் நிறுவனத்தில் ஒன்று கேட்டிருக்கிறாள். கோடைப் பயிற்சிக்கு வரும் மாணவர்கள் அநேகமாகத் தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகளாகவே வருகிறார்கள். அதில் ஓர் இடத்தையாவது அரசுக் கல்லூரி மாணவர்களுக்குப் பொதுத் தேர்வு வைத்து நிரப்புங்கள் என்று. பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை கேட்பேன் என்கிறாள்.