எங்கே நிற்பது?

அமெரிக்கச் சிற்றூர்களையும் நெடுஞ்சாலையோர விசித்திரங்களையும் படம் எடுக்கக் கிளம்பும் இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கேமரா, எந்த லென்ஸ் என்று. கையில் இருக்கும் கேமரா போதும், தம்பி என்பேன். இந்த வேலையில் என்னை இன்றுவரை உட்கார விடாமல் அலைக்கழிக்கும் கேள்வி வேறு. காரை நிறுத்திவிட்டு இறங்கியாயிற்று, எங்கே நிற்பது?

நெடுஞ்சாலையோர விளம்பரப் பலகைகளும் பூதாகாரச் சிலைகளும் ஓடும் காருக்காகச் செய்யப்பட்டவை. சிகாகோவிலிருந்து மேற்கே லாஸ் ஏஞ்சலஸை நோக்கிப் போகும் சாலைக்கு 1926-ல் ரூட் 66 என்று எண் கொடுத்தார்கள். வழியில் இருந்த பல ஊர்களில் நெடுஞ்சாலையே கடைத்தெருவாகவும் இருந்தது. ஐம்பது மைல் வேகத்தில் வருகிறவர் நிறுத்துவதா, போய்விடுவதா என்று முடிவெடுக்கச் சில நொடிகள்தான். அந்தச் சில நொடிகளுக்காகத்தான் அத்தனை உயரம், அத்தனை நிறம், அத்தனை வெளிச்சம். 1956-ல் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. அதன்பின் போடப்பட்ட இன்டர்ஸ்டேட் சாலைகள் ஊர்களைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின. 1985-ல் ரூட் 66 என்ற எண்ணையே எடுத்துவிட்டார்கள். கூப்பிட்ட பலகை அங்கேயே நின்றது, கார்கள் வேறு வழியாகப் போய்விட்டன. பலகைக்கும் சாலைக்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளி படத்தில் வர வேண்டும். கிட்டப் போனால் அது வராது.

டெக்சாஸில் அமரில்லோ நகருக்கு மேற்கே கெடிலாக் ரான்ச். ஆன்ட் ஃபார்ம் என்ற கலைஞர் குழு 1974-ல் பத்து கெடிலாக் கார்களை மூக்கு மண்ணுக்குள் போக வரிசையாக நட்டு வைத்தது. 1949 முதல் 1963 வரையிலான மாடல்கள் அவை. வரிசையோடு நடந்தால் காரின் வால் துடுப்பு வளர்ந்து, உச்சத்துக்குப் போய், பிறகு அடங்குவதைப் பார்க்கலாம். வருகிறவர்கள் எல்லாம் ஸ்ப்ரே பெயின்ட் அடித்து அடித்து, தகடு எது, பெயின்ட் எது என்று தெரியாதபடி மேடுதட்டிப்போயிருக்கிறது. கதவு விளிம்பில் பெயின்ட் உரிந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் மரத்தின் ஆண்டு வளையம்போல அடுக்கு அடுக்காக நிறங்கள். பெரும்பாலானவர்கள் அகலக் கோண லென்ஸைப் போட்டு, தரையோடு தரையாகக் குனிந்து, கார்களைக் கோபுரமாக நிமிர்த்தி எடுக்கிறார்கள். நான் வேலி வாசலிலேயே நின்றுவிடுவேன். அங்கிருந்து பார்த்தால் கார்கள் சின்னவை, நிலம் பெரியது, வானம் அதைவிடப் பெரியது. அங்கே காற்று ஓய்வதில்லை. வாசலுக்கும் கார்களுக்கும் நடுவே தொப்பியைப் பிடித்தபடி நடக்கும் ஒரு குடும்பம் படத்தில் இருந்தால் அந்த இடத்தின் அளவு அப்படியே கிடைத்துவிடும்.

எப்போதும் தள்ளியே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. கிட்டே போக ஒரு காரணம் வேண்டும் என்கிறேன். இல்லினாய் மாநிலத்து வில்மிங்டனில் ஜெமினி ஜயன்ட் என்ற ராட்சத மனிதன் இருக்கிறான். தலையில் விண்வெளிக் கவசம், கையில் ராக்கெட். ஃபைபர் கிளாசில் இப்படிப்பட்ட ஆட்களைக் கலிஃபோர்னியாவின் வெனிஸில் இருந்த இன்டர்நேஷனல் ஃபைபர்கிளாஸ் என்ற கம்பெனி 1960-களில் நாடு முழுவதும் செய்து அனுப்பியது. கையில் காரின் சைலன்ஸரை, அங்கே சொல்வதுபோல் மஃப்ளரை, பிடித்தபடி நின்ற சிலரால் மொத்தக் கூட்டத்துக்குமே மஃப்ளர் மேன் என்று பேராகிவிட்டது. இவர்களின் கைகளைப் பாருங்கள். ஒரு உள்ளங்கை மேல் பார்த்திருக்கும், மற்றது கீழ் பார்த்திருக்கும். முதல் அச்சு, நாட்டுக்கதை மரம்வெட்டி பால் பன்யனுக்காகச் செய்தது. கோடரிக் காம்பைப் பிடிக்கும் கை அது. பிறகு அதே கைகளில் சைலன்ஸரை வைத்தார்கள், டயரை வைத்தார்கள், இங்கே ராக்கெட்டை வைத்தார்கள். அந்தக் கைகளை எடுக்க மட்டும் நான் நீண்ட லென்ஸை மாட்டுவேன். முகத்தைக் கீழிருந்து எடுத்துக் கேலிப் படம் ஆக்குவது சுலபம். யாரோ வார்ப்பில் ஊற்றி, தேய்த்து, கையால் வண்ணம் பூசிய பொருள் அது. தன் சாப்பாட்டுக் கடைக்கு ஆள் வர வேண்டும் என்று கையைக் கடித்துக்கொண்டு அதை வாங்கி வைத்தவர் ஒருவர் இருந்தார். கேலி அந்த மனிதர் மேல் போய் விழும்; அதற்கு நான் உடன்பட மாட்டேன்.

ஓக்லஹோமாவின் கட்டூசாவில் ஒரு குளக்கரையில் கிடக்கும் நீலத் திமிங்கிலத்தை நினைத்துப் பாருங்கள். ஹ்யூ டேவிஸ் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் இரும்புச் சட்டகத்தின் மேல் சிமென்ட் பூசிக் கட்டியது. திமிங்கிலப் பொம்மைகள் சேர்த்துவந்த மனைவி செல்டாவுக்கு மணநாள் பரிசு. அதன் திறந்த வாய்க்குள் நடந்து போகலாம். அது ஒரு பரிசு என்று தெரிந்துகொண்டு எடுக்கிறவர் நிற்கும் இடமும் தெரியாமல் எடுக்கிறவர் நிற்கும் இடமும் ஒன்றாக இருக்கவே முடியாது.

இந்தத் துறையில் எல்லாரும் கடன்பட்டிருப்பது ஜான் மார்கோலீஸுக்கு. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அமெரிக்கச் சாலைகளில் சுற்றி மோட்டல்களையும், பெட்ரோல் பங்குகளையும், திறந்தவெளித் திரையரங்குகளையும், மினி கோல்ஃப் மைதானத்து டைனோசர்களையும் எடுத்தவர். அவருடைய 11,710 கலர் ஸ்லைடுகள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. யாரும் இணையத்தில் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். 50 மி.மீ. லென்ஸ், காலை வெயில், நீல வானம், நேருக்கு நேர் நின்ற சட்டகம். ஆளும் காரும் குறுக்கே வராமல் பார்த்துக்கொண்டார். அதனால் ஒவ்வொரு கட்டடமும் அவர் படத்தில் தனி ஆளாக, தன் உருவப்படத்துக்கு நிற்பதுபோல நிற்கிறது. நேருக்கு நேர் நிற்கும் அந்த நேர்மையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். வெறிச்சோடிய சட்டகத்தை எடுத்துக்கொள்ளவில்லை. மின்கம்பி குறுக்கே போனால் போகட்டும். பக்கத்துக் காலி மனையில் புல் முளைத்திருந்தால் அதுவும் வரட்டும். பக்கத்துக் கட்டடம் இடிந்து போனதற்கு அந்தப் புல்தான் சாட்சி.

வில்லியம் கிறிஸ்டன்பெரி இன்னொரு வழி காட்டினார். அலபாமாவின் ஹேல் கவுன்டியில் அதே சில கட்டடங்களை ஆண்டுதோறும் போய்ப் போய் எடுத்தவர். ஆரம்பத்தில் அவர் கையில் இருந்தது குழந்தைகளுக்குக் கொடுக்கிற சாதாரண பிரவுனி கேமரா. ஒரு பழைய கடையின் உடைந்த ஜன்னலில், கைரேகை பார்ப்பவரின் பலகையை யாரோ தலைகீழாகச் செருகியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தை அவர் விடவில்லை. அது சாய்ந்தது, செடி மூடியது, கடைசியில் இல்லாமலே போனது. இல்லாமல் போன பிறகும் அந்த இடத்தைப் போய் எடுத்தார். ஒரு ஊரை ஒரு தடவை எடுத்தால் கிடைப்பது படம், பல தடவை எடுத்தால் கிடைப்பது காலம் என்பதை அவரைப் பார்த்துத்தான் உணர்ந்தேன்.

இனி நியான். நியூ மெக்சிகோவின் டூக்கும்காரியில் 1930-களின் கடைசியில் கட்டிய புளூ ஸ்வாலோ மோட்டல் இருக்கிறது. லிலியன் ரெட்மன் என்ற பெண்மணி 1958-லிருந்து பல பத்தாண்டுகள் அதை நடத்தினார். ஒவ்வொரு அறைக்கும் பக்கத்திலேயே காருக்கு ஒரு கொட்டகை. வாசலில் நீலப் பறவை பறக்கும் நியான் பலகை. முழு இருட்டில் எடுத்தால் குழாய்கள் மட்டும் கரும்பலகையில் கோடு போட்டதுபோல வரும். சுவரும் இல்லை, ஊரும் இல்லை. சூரியன் இறங்கியபின் வானத்து வெளிச்சமும் குழாயின் வெளிச்சமும் சமமாக நிற்கும் ஒரு நேரம் உண்டு. அது சில நிமிடங்களே நீடிக்கும். டிரைபாடை அதற்கு முன்பே ஊன்றி, ஃப்ரேமை முடிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பலகையின் பெயின்ட், தகரம், பின்னால் சுவரின் இளஞ்சிவப்பு, குழாயின் ஒளி எல்லாம் ஒன்றாகத் தெரியும்.

சிவப்பு நியானில் ஒரு சிக்கல் இருக்கிறது. கேமராவின் மொத்த ஹிஸ்டோகிராம் சரி என்று சொல்லும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, குழாய் ஆரஞ்சாகவோ வெள்ளையாகவோ வெளுத்திருக்கும். சிவப்புக்கான வரைபடத்தைத் தனியாகப் பார்த்து, எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும். இன்னொன்று, இந்தக் குழாய்கள் அமெரிக்க மின்சாரத்தில் நொடிக்கு 120 முறை துடிக்கின்றன. ஷட்டர் அதைவிட வேகமாக இருந்தால் ஒரு படத்தில் பிரகாசமாகவும் அடுத்ததில் மங்கலாகவும் வரும். 1/60 அல்லது அதற்கும் மெதுவாக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மினுக்கி மினுக்கி ஓடும் அம்புக்குறி என்றால் நீண்ட எக்ஸ்போஷரில் எல்லா விளக்கும் சேர்ந்து எரிவதுபோல வரும்; அம்பு ஓடியது போய்விடும். ஓடும் அம்பில் எந்தக் கணம் வேண்டும் என்று முடிவு செய்து எடுப்பதுதான் எனக்குப் பிடிக்கும். சுத்தமான நியான் வாயு செவ்வாரஞ்சு நிறத்தில் எரியும். நீலத்துக்கு ஆர்கானும் துளி பாதரசமும் வேண்டும். கடுங்குளிரில் பாதரசம் சோம்பிப் போவதால் நீலக் குழாய் மங்கும். சிவப்பு அப்படியே எரியும். ஜனவரியில் எடுத்த பலகையும் ஜூனில் எடுத்த பலகையும் வேறு வேறு நிறத்தில் இருப்பது இதனால்தான். மங்கிய நீலத்தைக் கணினியில் ஏற்றிச் சரிசெய்யாதீர்கள். அது அந்த இரவின் குளிர்.

சிற்றூரின் மெயின் ஸ்ட்ரீட்டுக்கு வந்தால் நான் முதலில் மேல்மாடியைப் பார்ப்பேன். கீழே கடை முகப்பை அலுமினியத் தகடு போட்டு எத்தனையோ முறை மாற்றியிருப்பார்கள். மேலே செங்கல், வளைந்த ஜன்னல், உச்சியில் கட்டிய ஆண்டும் கட்டியவர் பேரும் அப்படியே இருக்கும். பக்கச் சுவரில் பழைய விளம்பர எழுத்து இருந்தால் அதற்காக ஒரு நாளை ஒதுக்கலாம். ஈயம் கலந்த பெயின்ட் என்பதால் அந்த எழுத்துகள் தலைமுறைகளைத் தாண்டியும் செங்கல்லை விடவில்லை. உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. மழை பெய்து சுவர் நனைந்திருக்கும்போது, மறைந்துபோன எழுத்தும் அடியில் அதற்கும் பழைய எழுத்தும் எழும்பி வரும். மழை வந்தால் மற்றவர்கள் டைனர் என்ற சாப்பாட்டுக் கடைக்குள் ஓடுவார்கள். நான் வெளியே ஓடுவேன்.

டைனருக்குள்ளும் போக வேண்டும், ஆனால் கேமராவை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு. எந்தச் சுவரில் என்ன எழுதியிருந்தது, எந்தத் தியேட்டர் எப்போது மூடியது என்பதெல்லாம் அங்கேதான் கிடைக்கும். தெருவில் நின்று கட்டடத்தை எடுக்க யார் அனுமதியும் வேண்டியதில்லை என்றாலும், கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுப்பதே முறை.

கான்சாஸின் காக்கர் சிட்டியில் பிரம்மாண்டமான கயிற்று உருண்டை ஒன்று இருக்கிறது. ஃபிராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி, வைக்கோல் கட்டிய கயிற்றை வீணாக்காமல் 1953-ல் சுற்றத் தொடங்கியது. 1961-ல் ஊருக்குக் கொடுத்தார். ஊர்க்காரர்கள் ஒவ்வொரு ஆகஸ்டிலும் கூடிக் கயிறு சேர்க்கிறார்கள், வழிப்போக்கர்களும் சேர்க்கலாம். கூரைக்கு அடியில் நிழல், பின்னால் கொளுத்தும் வெயில். கேமரா சொல்வதைக் கேட்டால் உருண்டை கருத்துப்போகும். நிழலுக்கு அளந்து, பின்னணியை வெளுக்க விட்டுவிட வேண்டும். உருண்டையை மட்டும் எடுத்தால் அளவே புரியாது. ஒரு அம்மா முந்தின கயிற்றின் நுனியில் தன் கயிற்றை முடிச்சுப் போட்டு, உருண்டையைச் சுற்றி நடக்கத் தொடங்கும்போது எடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் படத்தோடு எழுதி வைக்க வேண்டியவை: தேதி, ஊர், சாலையின் எந்தப் பக்கம், எந்தத் திசையைப் பார்த்து எடுத்தது. இவை நகராத பொருள்கள் என்று நினைக்கக் கூடாது. நகரம் வளர்ந்து நெருக்கியதால் 1997-ல் கெடிலாக் கார்களை மொத்தமாகப் பிடுங்கி இன்னும் மேற்கே கொண்டுபோய் நட்டார்கள். ஜெமினி ஜயன்ட் 2024-ல் ஏலத்துக்கு வந்து, உணவக வாசலை விட்டு அதே ஊரின் பூங்காவுக்குப் போனான். அவன் ரூட் 66-ஐப் பார்த்து உணவகத்துக்கு ஆள் கூப்பிட்ட நாளின் படங்கள் யாரிடமோ இருக்கின்றன. தேதியும் திசையும் எழுதியிருந்தால்தான் அவன் எங்கே நின்றான், யாரைக் கூப்பிட்டான் என்று அடுத்தவர் தெரிந்துகொள்வார்.